வசந்தினி அக்கா சுருதி விட்ட நாள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் இடது காது பழுதாய்ப் போனது. வலி இல்லை, சீழ் இல்லை, தலைச்சுற்றுக்கூட இல்லை. பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது காதுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி ஓர் அடைப்பு, அவ்வளவுதான். முதல்நாள் ஒரு கோயிலில் மூன்று மணித்தியாலம் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து வயலின் வாசித்திருந்தேன். எல்லாம் அந்த ஒலிபெருக்கிக்காரனின் வேலைதான் என்று சுவரைப் பார்த்து நாலு பேச்சுப் பேசிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன்.

பின்னேரம் வயலினை எடுத்துச் சுருதி சேர்த்தால் சேரவில்லை. தந்தி உயர்ந்து நிற்கிறது போல இருந்தது. தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகிக் கொஞ்சம் இறக்கினேன், சரிவந்தது. ஆனால் கைத்தொலைபேசியில் சுருதி காட்டும் செயலியைப் போட்டுப் பார்த்தால், இறங்கிவிட்டது, ஏற்று என்கிறது. செயலியைத் திட்டினேன். பிறகு தந்தியைத் திட்டினேன், தந்தி விற்ற கடைக்காரனைத் திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும். மூன்றாம் நாள் தற்செயலாக இடது காதைப் பொத்திக்கொண்டு அதே தந்தியை இழுத்தபோதுதான் விளங்கியது. வலது காதுக்கு ஒரு ‘ஸ’. இடது காதுக்கு அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இன்னொரு ‘ஸ’. தந்தி ஒன்றுதான். வாசலில் பஸ் ஹோர்ன் அடித்தபோதும் இரண்டு ஹோர்ன் கேட்டது.

நாங்கள் வயலினை நெஞ்சுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் நிறுத்தி வாசிக்கிறவர்கள். அது கத்துகிற கத்தல் முழுக்க இடது காதுக்குத்தான் முதலில் போகும். இருக்கிற இரண்டு காதில் எது கெட்டால் என் பிழைப்புக் கெடுமோ அதைப் பார்த்துத்தான் கெட்டிருக்கிறது.

“டொக்டரிட்டைக் காட்டும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்,” என்றார் என் கணவர் அருட்செல்வன். அவருக்கு மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகக் கடை. “உம்மடை வயலினுக்கு ஒரு கீறல் விழுந்தா ஊரைக் கூட்டுவீர். காதெண்டா மட்டும் பொறுமை.”

“தடிமன், சளி வந்தா அடைக்கிறதுதான். நீங்கள் உங்கடை பிளக்கைப் பாருங்கோ,” என்றேன்.

பதினோராம் நாள் அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு தனியார் கிளினிக்கில் இறக்கினார். டொக்டர் என் தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்கிற நேரம் பொத்தானை அமத்தச் சொல்லி, கடைசியில் ஒரு தாளில் கோடு கீறிக் காட்டினார். வலது காதின் கோடு மேலே நேராகப் போனது. இடது காதின் கோடு பாதியில் கீழே விழுந்து கிடந்தது.

“உள் நரம்பு. வந்த உடனை வந்திருந்தா மருந்து கூடப் பிடிச்சிருக்கும். இப்ப பதினொரு நாள் போட்டுது. குளிசை தாறன், போடுங்கோ. திரும்பலாம், திரும்பாமலும் விடலாம்.” எழுதிக்கொண்டே, “என்ன வேலை செய்யிறீங்கள்?” என்று கேட்டார்.

“வயலின் வாசிக்கிறனான்.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து குளிசையின் பெயரை எழுதி முடித்தார். அந்த மனிதர் தலையைக் குனிந்ததில்தான் எனக்குப் பயம் பிடித்தது.

அன்றைக்கு வசந்தினி அக்காவின் கச்சேரிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

வசந்தினி அக்கா நெல்லியடியில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர், எனக்கு இரண்டு வயது மூப்பு. இருபத்திரண்டு வருடமாக அவர் பாட, நான் பக்கத்தில் இருந்து வாசிக்கிறேன். இந்தக் குடாநாட்டில் நாங்கள் ஏறாத கோயில் மேடை இல்லை. அவரிடம் இருக்கிற குரலுக்கு இந்தக் குடாநாடு காணாது என்று நான் ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன். சென்னையில் போய்ப் படிக்க இடம் கிடைத்த வருடம் சண்டையால் பாதை பூட்டு. பாதை திறந்த வருடம் தகப்பனுக்குப் பாரிசவாதம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், ரீச்சர் வேலை. நாற்பத்தேழு வயதாகியும் கடல் தாண்டி ஒருமுறைகூட அவர் பாடவில்லை.

காங்கேசன்துறையில் இருந்து இந்தியாவுக்குக் கப்பல் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, நாகப்பட்டினத்துச் சபா ஒன்றில் இருந்து ஒரு கடிதம் வந்தது. மார்கழி விழாவுக்கு இலங்கையில் இருந்து ஒரு பாடகியை எடுக்கப் போகிறார்களாம். சபாச் செயலாளரே காங்கேசன்துறையில் வந்து இறங்கி, இங்கே ஒருவர், மட்டக்களப்பில் ஒருவர் என்று இரண்டு பேரின் கச்சேரியை நேரில் கேட்பார். அதில் ஒருவரைத் தெரிவு செய்வார். தெரிவானவர் தன் பக்கவாத்தியக்காரரோடு போகலாம். இங்கே தெரிந்தெடுத்தது வசந்தினி அக்காவை.

“ஒருக்கா அங்கை பாடவேணும், சுபா,” என்று கடிதம் வந்த அன்று சொன்னார். “ஒரேயொருக்கா. பேந்து வாயை மூடச் சொன்னாலும் மூடுவன்.”

இதை எல்லாம் தெரிந்துகொண்டும் நான் காது விஷயத்தைச் சொல்லவில்லை. ஒத்திகைக்கு இரண்டு தரம் நெல்லியடிக்குப் போனேன். இரண்டு தரமும் இடது காதுக்குள் பஞ்சை அடைத்து, மேலே தலைமுடியை இழுத்து விட்டுக்கொண்டேன். பஞ்சு இருந்தால் வலது காது மட்டும் வேலை செய்யும். சத்தம் ஒருபக்கமாகத்தான் வரும், ஆனால் சுருதி ஒன்றாகக் கேட்கும். இரண்டு ஒத்திகையும் நன்றாகவே போயின. இரண்டாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது வாய்வரை வந்தது. “அக்கா, இந்தமுறை ஜெயதீபனைக் கேப்பமோ? அவன் நல்லா வாசிக்கிறான்,” என்று தொடங்கினேன்.

“விசர்க்கதை கதையாதை. நீ இல்லாட்டி நான் மேடையிலை ஏறமாட்டன்,” என்றார் அக்கா.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அக்காவே வேண்டாம் என்றுவிட்டார், நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஜெயதீபன் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன், வயலினில் கெட்டிக்காரன். அவன் ஒருமுறை அக்காவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் அந்த இடம் பிறகு எனக்கு இல்லை. என் காது கெட்டது என்று வெளியே தெரிந்தால் எந்த மேடையிலும் எனக்கு இடம் இல்லை. அதுதான் உண்மை. அதை இப்போது எழுதுவது சுகம், அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், காங்கேசன்துறைப் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில். கடற்காற்றும் வெக்கையும் சேர்ந்த நாள். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சபாச் செயலாளர் இராமபத்திரன், வெள்ளை வேட்டி, மடித்த துண்டு. அவருக்குப் பக்கத்தில் கோயில் தலைவர். அடுத்த கதிரையில் ஜெயதீபன். நான் மேடைக்குப் பின்னால் வயலினைச் செயலியில் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஜெயதீபன் அங்கே வந்து வணக்கம் சொன்னான்.

“என்னக்கா, காதுக்கை பஞ்சு?”

அவன் மரியாதையாகத்தான் கேட்டான். எனக்குத்தான் உச்சந்தலை கொதித்தது. “சும்மா. காத்து அடிக்குது,” என்று சொல்லிப் பஞ்சை இழுத்தெடுத்து யன்னலுக்கு வெளியே எறிந்தேன். அவன் போன பிறகு கைப்பையைக் கிண்டினேன். வேறு பஞ்சு இல்லை. கைலேஞ்சியைக் கிழித்து அடைக்கலாமா என்று யோசிக்கும்போது மிருதங்கக்காரர் பிரகலாதன், “வாங்கோ, அக்கா ஏறிட்டா,” என்று கூப்பிட்டார்.

முதல் மூன்று உருப்படியும் பரவாயில்லை. தந்தியைச் செயலி சேர்த்துத் தந்திருந்தது. முப்பது வருடம் பழகின விரல் தன் இடத்தில் தானாக விழுந்தது. காது இரண்டு குரலில் கத்தியது. அதைக் கேட்காதே, விரலை நம்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன். அக்கா அன்றைக்குக் குளிர்ந்த குரலில் பாடினார். மூன்றாவது பாட்டு முடிய, செயலாளர் துண்டை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினார். அக்கா என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தார்.

நாலாவது கல்யாணி ராகம். அக்கா ஆலாபனை தொடங்கினார். அவர் மெல்லப் பாடப் பாட, என் தந்தி மட்டும் உயரத்தில் நிற்பதாக எனக்குக் கேட்டது. ஒரு தரம் பொறுத்தேன், இரண்டாம் தரமும் பொறுத்தேன். மூன்றாம் தரம் கை தன்பாட்டில் பிரடைக்குப் போய்விட்டது. கண்ணில் தூசி விழுந்தால் கையை யாரும் அனுப்புவதில்லையே, அப்படித்தான். கொஞ்சம் இறக்கினேன். இறக்கியதும் காதுக்கு நிம்மதியாக இருந்தது.

அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன், எல்லாம் சரி என்று.

அதற்குப் பிறகு நடந்ததை அன்றைக்கு நான் கேட்டபடியே சொல்கிறேன். அக்காவின் குரல் ஆடத் தொடங்கியது. ஒரு சுரத்தைப் பிடிப்பார், பிடி நழுவும், திரும்பப் பிடிப்பார். பிறகு மெல்லக் கீழே இறங்கினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சுருதி விட்டு நான் கேட்டதில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இந்த மனுசிக்கு இன்றைக்கா இது வரவேண்டும், முன்னால் இருக்கிறது யார் என்று தெரியாதா என்று உள்ளுக்குள் ஏசினேன்.

பாடுகிறவர் இறங்கினால் வயலினும் கூட இறங்க வேண்டும். அது எங்கள் மரபு. நான் சரியாக நிற்கிறேன், நீங்கள் பிழையாகப் பாடுகிறீர்கள் என்று மேடையில் காட்டிக்கொடுக்கிறவர் பக்கவாத்தியக்காரரே இல்லை. அதனால் விரலைக் கொஞ்சம் பின்னால் இழுத்து அக்காவின் குரலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தேன். அக்கா இன்னும் இறங்கினார். நானும் இறங்கினேன். சுருதிப் பெட்டி மட்டும் மேலே தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பிரகலாதன் மிருதங்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், பிறகு விட்டுவிட்டார். அக்கா பாட்டை நிறுத்தித் தண்ணீர் குடித்தார். பெட்டியைக் குனிந்து கேட்டு மீண்டும் எடுத்தார். நாலு வரி நேராகப் போனது. பிறகு நான் அவருக்குப் பின்னால் வாசிக்கத் தொடங்க, திரும்பவும் அதே கதை. ஜெயதீபன் தலையைக் குனிந்துகொண்டான். செயலாளர் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்திவிட்டு, மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சபை மரியாதைக்காகக் கடைசிவரை இருந்தது.

முடிந்த பிறகு செயலாளர் மேடைக்கு வந்தார். அக்காவிடம், “நல்லா இருந்தது அம்மா, சாரீரம் நல்ல சாரீரம்,” என்றார். குரலை மட்டும் மெச்சினால் பாட்டு எடுபடவில்லை என்று கருத்து, சங்கீதக்காரர் எல்லோருக்கும் தெரியும். அக்கா கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

“உங்களை நான் கவனிச்சுக்கிட்டே இருந்தேன் அம்மா. சுருதி இறங்க இறங்க நீங்களும் கூடவே இறங்கி, அந்தப் பாடகியை விட்டுக் கொடுக்காம தாங்கினீங்க பாருங்க, அது பெரிய மனசு. மார்கழிக்கு நீங்க எங்க ஊருக்கு வரணும். எங்க பாடகிங்களுக்கு வாசிக்கணும். வருவீங்களா?”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் நீளம் என்று பெயரெடுத்த எனக்கு, தேவையான இடத்தில் அது ஒருநாளும் வருவதில்லை. “ஓம் ஐயா, வாறன்,” என்றேன்.

திரும்பும்போது வாகனத்தில் அக்கா யன்னல் பக்கம் இருந்தார். அச்சுவேலி தாண்டிய பிறகு மெல்லக் கேட்டார்.

“எனக்கு என்ன நடந்தது, சுபா?”

“களைப்பாக்கும் அக்கா. வெக்கையும்தானே.”

“நீ கூட இறங்கி வந்தபடியாத் தப்பினன். இல்லாட்டி இன்னும் கேவலமாப் போயிருக்கும்.” என் கையைப் பிடித்து, “சரியான உதவி,” என்றார்.

நான் அந்தக் கையை விலக்கவில்லை. கோபம் மட்டும் இன்னும் இருந்தது. எட்டு நாள் பயந்து செத்தவள் நான், ஒழுங்காக வாசித்து முடித்தவளும் நான், கடைசியில் கெடுத்தது நீங்கள் என்றுதான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால் கோயில்காரர் கச்சேரியை இணையத்தில் போட்டிருந்தார்கள். அருட்செல்வன் கடைக்குப் போகிற அவசரத்தில் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். “பாரும், சனம் உம்மைத் தூக்கி வைச்சு எழுதியிருக்குது.” வாசித்தேன். வயலின் அக்கா தெய்வம் என்று ஒருவர். பாட்டுக்கு வயசாகிவிட்டது, இனி இளையவர்களுக்கு இடம் விடலாம் என்று இன்னொருவர். பாவம் வயலின், எவ்வளவு தூரம் இழுபட்டது என்று மூன்றாமவர்.

அவர் போன பிறகு, தொலைபேசியை வலது காதுப் பக்கம் பிடித்து, இடது காதை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு கல்யாணியைப் போட்டேன்.

அக்கா ஆடவே இல்லை. தொடக்கத்தில் அவர் ‘ஸ’வில் நின்ற நிலை, பெட்டியும் குரலும் வேறுவேறு என்று சொல்லமுடியாத நிலை. திரையில் என் கை பிரடைக்குப் போகிறது. தந்தி இறங்குகிறது. நான் வாசிக்கிறது ஒவ்வொன்றும் அவருக்குக் கீழே கிடந்து இழுக்கிறது. அக்கா திரும்பிப் பார்க்கிறார். நான் பெரிய கெட்டிக்காரியாட்டம் தலையாட்டுகிறேன். அவர் தன் இடத்தில் நிற்கப் பார்க்கிறார், ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். பிறகு என்னிடம் இறங்கி வருகிறார். அவர் இறங்கியதும் நான் இன்னும் கீழே போகிறேன். அவர் அதற்கும் வருகிறார். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஐந்து தரம் கேட்டபோதும் அதுதான். குசினி வாசலில் நிலத்தில் இருந்து அழுதேன். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

முதலில் செயலாளருக்குத்தான் எடுத்தேன். அவர் மட்டக்களப்பில் நின்றார். பாடகியின் பிழை இல்லை, என் காது பழுது, நான்தான் தந்தியை இறக்கினேன், அக்கா என்னைப் பார்த்துத்தான் இறங்கினார் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அம்மா, நாப்பது வருஷமா கச்சேரி கேக்கிறவன் நான். பக்கவாத்தியக்காரங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. பாடறவங்க தப்புப் பண்ணினா, என் தப்புன்னு தலையில எடுத்துப் போட்டுக்குவாங்க. காது வரைக்கும் சொன்னது நீங்கதான்.” அவர் சிரித்தது கேட்டது. “உங்க மேல மதிப்பு இன்னும் கூடிப்போச்சு.”

“ஐயா, டொக்டர் தந்த தாள் இருக்குது. படம் எடுத்து அனுப்புறன்.”

“வேண்டாம்மா. தாள் எதுக்கு? ஒருவேளை நீங்க சொல்றபடியே இருந்தாலும், பாடறவங்க சுருதிப் பெட்டியோட நிக்கணும். வயலினைப் பார்த்துக்கிட்டா பாடறது? மட்டக்களப்புப் பொண்ணு நேத்து நல்லாப் பாடிச்சு. அவங்ககிட்ட சொல்லிட்டேன்.”

“அப்ப நானும் வரேல்லை ஐயா.”

“யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார். நான் வரவில்லை என்றதுகூட அவருக்கு என் பெரிய மனசாகத்தான் பட்டிருக்கும். உண்மையைச் சொல்லியே ஒருத்தி நல்ல பெயர் எடுக்கிறாள் என்றால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

டொக்டரின் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நெல்லியடிக்குப் பஸ் ஏறினேன். நின்றுகொண்டே போனேன். வழி முழுக்க என்ன ஏச்சு வரும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எல்லா ஏச்சுக்கும் நான் தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த ஏச்சு எனக்கு வேண்டும் என்றே இருந்தது.

அக்கா முன் அறையில் மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய சுருதிப் பெட்டி அலுமாரிக்கு மேலே, பொலித்தீன் உறைக்குள் போட்டு வைக்கப்பட்டிருந்தது. அது எப்போதும் மேசையில் இருக்கிற சாமான்.

“இரு. தேத்தண்ணி போடட்டே?”

“வேண்டாம் அக்கா. ஏன் பெட்டியை மேலை வைச்சிருக்கிறீங்கள்?”

“ஆடி மாசத் திருவிழாக்காரருக்குச் சொல்லிப்போட்டன், வேறை ஆளைப் பாருங்கோ எண்டு.” சிவப்புப் பேனையை மூடினார். “அது போதும் சுபா. ஒருக்கா விட்டா, பேந்து மேடையிலை ஏறேக்கை எல்லாம் அதுதான் நினைவு வரும். பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன், அது காணும்.”

நான் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தேன். இது வலது காது, இது இடது காது என்று காட்டினேன். இரண்டாகக் கேட்கிறதைச் சொன்னேன். பஞ்சைச் சொன்னேன். ஜெயதீபன் கேட்டதையும், நான் பஞ்சை யன்னலால் எறிந்ததையும், பிரடையைத் தொட்டதையும் சொன்னேன். செயலாளர் என்னைக் கூப்பிட்டதையும் நான் ஓம் சொன்னதையும் மறைக்கவில்லை. அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்ப இருந்து உனக்குத் தெரியும்?”

“கச்சேரிக்கு எட்டு நாளுக்கு முந்தித்தான் டொக்டர் சொன்னவர். எனக்கு அதுக்கு முந்தியே தெரியும்.”

“இஞ்சை ஒத்திகைக்கு வரேக்கையும்?”

“ஓம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“பேசுங்கோ அக்கா. வாயிலை வந்ததைப் பேசுங்கோ. ரண்டு அடி எண்டாலும் போடுங்கோ.”

“பேசி என்ன?” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். “உனக்குக் காது பழுது, அதாலை விட்டாய். எனக்கு என்ன பழுது, சுபா? எனக்கு ரண்டு காதும் நல்லாத்தானே இருக்குது.”

“நான்தான் அக்கா உங்களை இழுத்தனான். நான் பதிவைக் கேட்டனான். நீங்கள் மூண்டு தரம் நிண்டனீங்கள்.”

“நாலாந்தரம் ஏன் நிக்கேல்லை?” அவர் என்னைக் கேட்கவில்லை. தாளைக் கேட்டார். “பெட்டி என்ரை மடிக்கு முன்னாலை ஓடிக்கொண்டு இருந்தது. உன்ரை தந்தி கீழை நிக்குது எண்டு எனக்குக் கேட்டது. வடிவாக் கேட்டது. ஆனா சுபா பிழை விடமாட்டாள், அப்ப பிழை நான்தான் எண்டு நினைச்சன். பெட்டியை விட்டிட்டு உன்னைப் பிடிச்சன். இருவத்திரண்டு வருசமா நீ எனக்குப் பின்னாலை வாறாய் எண்டு ஊர் நினைச்சுது, நானும் நினைச்சன். நான்தான் உனக்குப் பின்னாலை வந்துகொண்டு இருந்திருக்கிறன்.”

“அப்பிடி இல்லை அக்கா.”

“இண்டைக்குக் காலமை வரைக்கும் எனக்கு ஒரு நாள் சரியில்லை எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். அதோடை ஏதோ இருந்திருப்பன். இதை ஏன் கொண்டந்து காட்டினாய்?” தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.

மறைத்து அவருடைய கச்சேரியைக் கெடுத்தேன். சொல்லி, மிச்சம் இருந்ததையும் கெடுத்துவிட்டேன். எந்த நாளில், எந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்வேன். அந்த நேரம் போய்விட்டது. தாளை எடுத்துக் கைப்பைக்குள் திணித்தேன்.

அக்கா எழும்பினார். கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்த பெட்டியை எடுத்து, உறையைக் கழற்றி மேசையில் வைத்து முடுக்கினார். ஐந்தரைக் கட்டை, அவருடைய சுருதி. நிமிர்ந்து இருந்து கண்ணை மூடி ‘ஸ’ பிடித்தார். நான் இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“சொல்லு. நிக்கிறனோ?”

“நிக்கிறீங்கள் அக்கா. ஒரு மயிரளவும் ஆடேல்லை. சத்தியமா.”

அவர் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார்.

“கையை எடு.”

“அக்கா—”

“எடு, சுபா. நீ முந்திக் கேட்ட மாதிரிக் கேட்டுச் சொல்லு. எனக்கு வேறை ஆருடைய சொல்லும் வேண்டாம். பெட்டி சொன்னாலும் எனக்கு இனி நம்பிக்கை வராது. நீ சொல்லு.”

நான் கையை எடுத்தேன். அவர் திரும்பவும் ‘ஸ’ பிடித்தார். குரல் இரண்டாகியது, பெட்டியும் இரண்டாகியது. நாலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு என் தலைக்குள் நின்றன. அவற்றில் அக்கா எது என்று நான் தேடினேன். அவர் மூச்சு முடியும்வரை பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாததைக் கண்டு, இன்னொரு மூச்சு எடுத்துத் திரும்பவும் பிடித்தார்.